கீரைக்காரத் தெரு, முதல் தரம்

அமலதாஸ் யார் கையையும் பிடித்து நடந்த ஆள் இல்லை. திருச்சி பாலக்கரையில் இதை அவர் வாயால் கேட்காதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது ஐம்பத்துநாலு. கீரைக்காரத் தெரு வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பதினொரு நிமிட நடை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக அதே நடைதான், காலில் ஒரு கீறல் கிடையாது. பெண் பார்க்கப் போனபோது ஜெசிந்தாவிடம் அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். "தெருவுல நடக்கும்போது என் கையைப் பிடிக்கக் கூடாது. சம்மதமா?" ஜெசிந்தா சம்மதம் என்றாள். அந்த வாக்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

வருஷம் 2041. பார்சல் வானத்தில் பறந்து வருகிறது, ஆட்டோ பெட்ரோல் கேட்பதில்லை, எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாலும் இயந்திரம்தான் இனிக்க இனிக்கப் பேசுகிறது. அந்த இயந்திரத்தோடு பேசிப் பேசித் தலையில் அடித்துக்கொண்டவர்கள் கடைசியாக வந்து சேரும் மனிதக் குரல் அமலதாஸுடையது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு அதுதான் உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போவார். அங்கே அவர் பேச்சுக்குத் தனிக் கூட்டம் உண்டு. "பயந்து நடந்தா தெரு உங்களை ஏறி மிதிக்கும். நிமிந்து நடங்க. தெரு தானா விலகும்" என்பார். கைதட்டல் எழும். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அரியமங்கலம் அருள்ராஜ் நிமிர்ந்து நடந்து, நின்றுகொண்டிருந்த லாரியில் மோதித் தோள்பட்டையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு போய்ப் பார்த்த அமலதாஸ், "நீ சரியா நிமிந்திருக்க மாட்டே" என்றார்.

அதனால், துணைவன் என்ற வழிசொல்லும் கருவியை ஒரு கம்பெனி முதலில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்க விரும்பியபோது, சங்கம் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியது. அமலதாஸுக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. "எனக்கு அது சொல்லிக்குடுக்கப் போகுதா? என்கிட்ட அது கத்துக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

கருவியைப் பொருத்த மெஹருன்னிசா வந்தாள். நாற்பதைத் தொட்டவள், கம்பெனியில் பன்னிரண்டு வருஷ அனுபவம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவை முதலில் அவர் கையில் வைத்தாள். அடுத்து உதிரிகள்: காதில் மாட்டும் கொக்கி ஒன்று, சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு கேமரா, கைத்தடியில் போடும் வளையம், தடை எதிர்ப்பட்டால் இடுப்பில் அதிரும் ஒரு வார்.

"வயரே கிடையாது சார். அஞ்சும் டப்பாவோட காத்துலயே பேசிக்கும். ஒவ்வொண்ணையும் அஞ்சு எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. டப்பா பேர் சொல்லிக் கேக்கும். நம்மளோடதுதானான்னு பாத்து 'சரி' சொல்லுங்க. பாத்துச் சொல்லுங்க சார், அவசரப்படாதீங்க."

அமலதாஸ் கொக்கியை அமுக்கிப் பிடித்தார். டப்பா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அருகில் ஒன்பது கருவிகள் உள்ளன. முதலாவது, பஞ்சவர்ணம் இஸ்திரிப் பெட்டி. இணைக்கவா?"

"அட, வேணாம்."

"இரண்டாவது, நல்லதம்பி டீ ஸ்டால் ஒலிபெருக்கி. இணை..."

"சரி சரி, சீக்கிரம் ஆகட்டும்!"

அவ்வளவுதான். எதிர்ச்சாரி டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பட்டென்று நின்றது. "வணக்கம். நான் உங்கள் துணைவன். உங்கள் எடையைக் கூறவும்" என்று தெருவே அதிரும்படி ஒரு குரல் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பயந்துபோய் எழுபத்திரண்டு என்று சொல்லிவிட்டார். அந்த எழுபத்திரண்டை அழிக்க மெஹருக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

ஒருவழியாகக் கொக்கி சேர்ந்தது, வளையம் சேர்ந்தது, வாரும் சேர்ந்தது. ஒரு பொத்தானை மெஹர் அவர் மார்பில் குத்தினாள். மற்றொன்றைச் சட்டைக் காலருக்குப் பின்னால் குத்தப் போனபோது ஜெசிந்தா குறுக்கே வந்தாள்.

"பின்னால எதுக்கும்மா அது? முன்னால பாத்து நடந்தாப் பத்தாதா? முதுகுல கண்ணு வெச்சு இவர் என்ன பண்ணப் போறாரு?"

"பின்னால வண்டி வந்தாத் தெரியணும்ல அக்கா. அப்படியே இந்தப் பக்கம் திரும்புங்க, உங்க முகத்தையும் பதிஞ்சுக்கறேன். வீட்டு ஆளுங்க, தெருவுல தெரிஞ்சவங்க முகமெல்லாம் அதுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லது."

"என் முகம் எதுக்கு? இவருக்கு என்னைத் தெரியாதாக்கும்?"

"ஏன்டி, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வெக்கப்படல நீ" என்று அமலதாஸ் சிரித்தார். ஜெசிந்தா வேறு வழியில்லாமல் முகத்தைக் காட்டினாள். பஞ்சவர்ணம், நல்லதம்பி, ஆட்டோ சிலுவை மூவரையும் கூப்பிட்டு அவர்கள் முகத்தையும் பதிந்துகொண்டார்கள். மூவரும் ஜெசிந்தாவைப் பார்த்தபடியே நின்றார்கள்.

"விவரம் எவ்வளவு சொல்லணும்? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இருக்கு சார். ரெண்டுல வெக்கறேன். வழியில இருக்கற தடையை மட்டும் சொல்லும்."

"அஞ்சுல வெச்சா?"

"யாரு என்ன பண்றாங்க, கையைக் காலை எப்படி ஆட்டறாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கும். ரெண்டு நாள்ல பைத்தியம் புடிச்சிடும் சார். அது வேணாம்."

கடைசியாக டப்பாவே ஒரு கேள்வி கேட்டது. "உங்கள் பாதையை மற்ற பயனர்களுக்கும் பரிந்துரைக்க அனுமதி தருகிறீர்களா?"

அமலதாஸின் நெஞ்சு நிமிர்ந்தது. "தாராளமா! ஊருக்கே காட்டு."

அடுத்த ஏழு வாரமும் டப்பாவுக்குக் கீரைக்காரத் தெருவில் வேலையே இல்லை. மற்ற தெருக்களில் "பள்ளம், மாடு, பைக், மறுபடியும் மாடு" என்று வாய் ஓயாமல் கத்தியது, இங்கே வந்ததும் கம்மென்று ஆகிவிடும். "பாத்தியா ஜெசி, அதுக்கே சொல்ல ஒண்ணும் இல்ல" என்று அமலதாஸ் தினமும் சாயங்காலம் சொன்னார். ஜெசிந்தா காபியை ஆற்றிக்கொண்டே இருப்பாள். இதற்கிடையில் காலர்ப் பொத்தான் இரண்டு முறை காணாமல் போனது. இரண்டு முறையும் டப்பா தேடிக் கூப்பிட, "நான் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறேன்" என்று அதுவே குரல் கொடுத்துவிட்டது. அரிசிக்குள் பொத்தான் எப்படிப் போகும் என்று அமலதாஸ் கேட்டதற்கு, எலியாக இருக்கும் என்றாள் ஜெசிந்தா.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை. அமலதாஸுக்கு டப்பாவின் மௌனம் அலுத்துவிட்டது. தன் நடையைப் பற்றி அது நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்கவேண்டும் என்று ஆசை வந்தது. படியிறங்கித் தெருவில் நின்று, "அஞ்சு" என்றார்.

டப்பா இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த வாயைத் திறந்தது.

"இடப்பக்கம் பஞ்சவர்ணம். இஸ்திரி வண்டியை உங்கள் வழியிலிருந்து பின்னுக்கு இழுக்கிறார். சத்தம் வராமல் சக்கரத்துக்கு அடியில் துணி போட்டிருக்கிறார்."

தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். பத்தடி நடந்தார்.

"எதிரே சாக்கடை திறந்திருக்கிறது. நல்லதம்பி பெஞ்சில் இருப்பவர்களை எழுப்புகிறார். நான்கு பேர் தேநீரோடு எழுந்து நிற்கிறார்கள். பெஞ்சுப் பலகையை எடுத்துச் சாக்கடையின் மேல் போடுகிறார். உதட்டில் விரல் வைக்கிறார்."

அமலதாஸின் கால் பலகையில் பட்டது. தொக் என்றது. அந்தத் தொக் அவருக்கு இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். சாக்கடை மூடியின் சத்தம் என்று நினைத்திருந்தார். டீக்கடை வந்துவிட்டது, வீட்டிலிருந்து எண்பத்திரண்டாவது காலடி என்று கணக்கு வைத்திருந்ததே அதை வைத்துத்தான். மூடி உடைந்தது எப்போதோ. புதிதாக யார் போடுவது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் நடக்கிற கேஸைப் பற்றி அவரிடம் மட்டும் யாரும் மூச்சு விட்டதில்லை.

"நீங்கள் கடந்துவிட்டீர்கள். நல்லதம்பி பலகையை எடுத்து மறுபடி பெஞ்சில் போடுகிறார். நான்கு பேரும் உட்காருகிறார்கள். சந்து முனையில் சிலுவை ஆட்டோவிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் நீட்டிப் பள்ளி வேனை நிறுத்துகிறார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை."

இத்தனையும் நடக்கும்போது தெருவில் சத்தம் வழக்கம்போல்தான் இருந்தது. நல்லதம்பி சர்க்கரை கம்மியா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் யாருடைய சட்டைக்கோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் ஒரு வேலையும் கை ஒரு வேலையுமாக ஒரு தெருவே பழகியிருந்தது.

"பின்னால், பதினைந்து அடி தூரத்தில், ஜெசிந்தா. வெறுங்கால். செருப்பைக் கையில் வைத்திருக்கிறார்."

அமலதாஸ் நின்றார்.

"ஜெசிந்தாவும் நின்றுவிட்டார். நல்லதம்பியைப் பார்க்கிறார். நல்லதம்பி தலையில் கை வைத்துக்கொள்கிறார்."

"ஜெசி" என்றார் அமலதாஸ், திரும்பாமல்.

"ஜெசிந்தா செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்" என்றது டப்பா.

"கையில செருப்போட நிக்கறே. எனக்குத் தெரியும். பேசு."

"என்னங்க" என்றாள் அவள். அந்த ஒரு சொல் பதினைந்தடி தூரத்திலிருந்து வந்தது. அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நடுத்தெருவில் தடியை ஓங்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னியிலேர்ந்து எவனும் எனக்காக ஒரு கல்லைக்கூட நகத்தக் கூடாது! நான் என்ன கோயில் தேரா, முன்னாலயும் பின்னாலயும் ஆள் வெச்சு இழுக்க?"

வீட்டுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். ஜெசிந்தா கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணமாகி மூணாம் நாள்லேர்ந்து. நீங்க மொத மொதல்ல தனியாக் கெளம்புனீங்க. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நேரா சாக்கடைக்குப் போறீங்க. கையைப் பிடிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன், கத்தவும் வாய் வரல. நல்லதம்பி அண்ணன்தான் சட்டுன்னு பலகையைப் போட்டாரு. சாயங்காலம் வந்து 'பாத்தியா ஜெசி, புதுத் தெரு, ஒரு தடுமாற்றம் இல்ல'ன்னீங்க. அப்ப உங்க மொகம் இருந்த அழகுக்கு, அதை எப்படிங்க சொல்றது? மறுநாள் கடை கடையாப் போயி எல்லார் கிட்டயும் கேட்டுக்கிட்டேன்."

"மழையில?"

"மழையில வெறுங்கால்தான் நல்லது. சத்தம் வராது."

"உனக்கு உடம்பு சரியில்லாதப்போ?"

"பஞ்சவர்ணம் வருவா."

அமலதாஸ் கைத்தடியை மடியில் வைத்து உருட்டினார். பிறகு, "அருள்ராஜ் தோளு ஒடிஞ்சது என்னாலதானே?" என்றார். ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவரும் அழுதார், ஆனால் அவள் கிட்டே வந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

மறுநாளே டப்பாவும் உதிரிகள் ஐந்தும் மேஜை டிராயருக்குள் போயின. வீட்டு வாசலுக்கே ஆட்டோ வரவழைத்து அலுவலகம் போனார். அதுவும் சிலுவையின் ஆட்டோ இல்லை, எங்கிருந்தோ வந்த ஆட்டோ. தெருவும் ரோஷப்பட்டது. பலகை பெஞ்சிலேயே கிடந்தது. இஸ்திரி வண்டி நட்டநடுவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவர் சங்கத்துக்குப் போகவில்லை.

அன்று மதியம் மெஹர் போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"சார், வாழ்த்துகள்! திருச்சியிலயே உங்க தெருதான் முதல் தரம். ஏழு வாரத்துல ஒரு மோதல் இல்ல, ஒரு தடுக்கல் இல்ல, யாரும் கையைப் பிடிச்சுத் தூக்கினது இல்ல. இப்படி ஒரு தெருவை எங்க ஆபீஸ்ல யாருமே பாத்ததில்ல. நாளைக்குக் காலையிலேர்ந்து கடைவீதிக்குப் போற எல்லாருக்கும் டப்பா இந்த வழியைத்தான் சொல்லும்."

அமலதாஸ் எழுந்து நின்றார். "எல்லாருக்கும்னா?"

"சங்கத்துல மிச்சப் பேருக்கும் நேத்துதான் கொடுத்தோம். முப்பத்தெட்டுப் பேர் சார்."

"மெஹரு, நடுவுல சாக்கடை தொறந்து கெடக்கும்மா. அது டப்பாவுக்குத் தெரியாதா? அதுதானே எனக்கே சொல்லுச்சு."

"பாத்திருக்கும் சார். பலகை போட்டதையும் பாத்திருக்கும். ஆனா அதை எழுத அதுக்குக் கட்டம் கிடையாது. மோதுனீங்களா, விழுந்தீங்களா, இந்த ரெண்டுதான் கட்டம்."

"சரி, அவங்க வரும்போது 'பள்ளம்'னு சொல்லிடும்ல?"

மெஹரின் குதூகலம் வடிந்தது. "முதல் தரத் தெருவுல அது தடையைச் சொல்லாது சார். அஞ்சுல வெச்சாத்தான் சொல்லும், அவங்க எல்லாருக்கும் ரெண்டுலதான் வெச்சிருக்கோம். பேட்டரி மிச்சம் பண்ண அப்படி வெச்சிருக்காங்க."

"அப்ப பட்டியல்லேர்ந்து தூக்கிடு."

"நான் தூக்க முடியாது சார். முழு செட்டையும் மாட்டிக்கிட்டு யாராவது ஒருத்தர் அந்தத் தெருவுல விழணும். விழுந்தா அந்த நிமிஷமே தானா இறங்கிடும்."

போனை வைத்ததும் சங்கச் செயலாளரின் நம்பரை அழுத்தினார். மணி அடிக்கும் முன்பே வெட்டிவிட்டார். என்ன சொல்வது? தெரு தானாக விலகவில்லை, பெண்டாட்டி சொல்லி விலகியது என்றா? இருபத்தாறு வருஷப் பேச்சும் கைதட்டலும் நாலு பேர் தேநீரோடு எழுந்து நின்றதால் வந்தவை என்றா? மூன்று முறை அழுத்தினார், மூன்று முறையும் வெட்டினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்வதைவிடச் சாக்கடையில் விழுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே டிராயரைத் திறந்தார். மூன்று நாள் சும்மா கிடந்ததில் டப்பா எல்லா உறவையும் மறந்திருந்தது. இந்த முறை மெஹர் இல்லை. கொக்கியை எடுத்து ஐந்து எண்ணும்வரை அமுக்கினார். இஸ்திரிப் பெட்டியை வேண்டாம் என்றார், டீக்கடை ஒலிபெருக்கியை வேண்டாம் என்றார், தன்னுடையது வந்ததும் சரி என்றார். வளையம், வார், மார்புப் பொத்தான் என்று வரிசையாகச் சேர்த்தார். காலர்ப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதையும் அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தானே கையைப் பின்னால் வளைத்துக் காலரில் குத்திக்கொண்டார். விவரத்தை ஐந்தில்தான் வைத்தார். விழும்போது யார் யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவேண்டாமா?

"இன்னிக்கு என்ன, கிழிஞ்ச பேன்ட்டைப் போட்டிருக்கீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"சும்மாதான்" என்று படியிறங்கினார்.

தெரு அவருக்கு வழிவிடவில்லை. இடுப்பு வார் அதிர அதிர, டப்பா கத்தக் கத்த, இஸ்திரி வண்டியைத் தடவிச் சுற்றிக்கொண்டு போனார். பஞ்சவர்ணம் அவர் போட்ட உத்தரவை அட்சரம் பிசகாமல் காத்தாள். டீக்கடை வந்தது. "எதிரே சாக்கடை திறந்திருக்கிறது. இரண்டடி" என்றது டப்பா. "பெஞ்சில் ஐந்து பேர். ஐவரும் உங்களைப் பார்க்கிறார்கள்."

"டீ சொல்லவா சார்?" என்றார் நல்லதம்பி, விறைப்பாக.

"வேண்டாம்" என்றார் அமலதாஸ். காலைத் தூக்கினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சாக்கடைக்கு அந்தப் பக்கம், சந்து முனையிலிருந்து, தடி தரையில் தட்டிவரும் சத்தம். தயக்கமே இல்லாத தட்டல்.

"எதிரே, எழுபது அடி தூரத்தில், வெள்ளைத் தடியோடு ஓர் இளம்பெண் வருகிறார்" என்றது டப்பா. "வேகமாக வருகிறார். நிமிர்ந்து வருகிறார்."

தூக்கிய காலை அமலதாஸ் கீழே வைத்தார்.

இப்போது விழுந்தாலும் போதும், தெரு பட்டியலிலிருந்து இறங்கிவிடும். ஆனால் அவள் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டாள். பாதி வழியில் டப்பா திடீரென்று "இது பாதுகாப்பான தெரு இல்லை" என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? "நில்லும்மா, பள்ளம்" என்று கத்த வாயைத் திறந்தார். கத்தினால் அவள் நின்றுவிடுவாள். யாரோ ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள், ஐயோ பாவம் என்பார்கள். இன்று காலை முதல்முதலாகத் தனியாக வீட்டைவிட்டுக் கிளம்பியவளாகக்கூட இருக்கலாம். நாளை இப்படி நிமிர்ந்து வரமாட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தன் முகம் இருந்த அழகைப் பற்றி ஜெசிந்தா சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கையைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து ஒரு ஜாடையைக்கூடப் பார்த்தவர் இல்லை அவர். போன வியாழக்கிழமை டப்பா வார்த்தையில் சொன்னதுதான் அவருக்குத் தெரிந்த ஜாடை. டீக்கடைப் பக்கம் திரும்பி, ஒரு விரலை உதட்டில் வைத்தார். அவசரத்தில் அது மூக்கில்தான் பட்டது. இன்னொரு கையால் சாக்கடையைக் காட்டினார், பெஞ்சு இருக்கும் திசையைக் காட்டினார், மறுபடி சாக்கடையைக் காட்டினார். புரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? தடி தட்டும் சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது.

"நல்லதம்பி உங்களை முறைக்கிறார்" என்றது டப்பா.

அமலதாஸ் இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லதம்பி பெஞ்சில் இருப்பவர்களை எழுப்புகிறார். ஐந்து பேரும் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் தேநீரைத் தன் காலில் கொட்டிக்கொண்டார், சத்தம் போடவில்லை. பலகை வருகிறது. உங்கள் காலுக்கு முன்னால் பலகை போடப்படுகிறது. பின்னால் பஞ்சவர்ணம் வண்டியை இழுக்கிறார். தொலைவில் சிலுவை ஆட்டோவிலிருந்து குதித்து வேனை நிறுத்துகிறார்."

அமலதாஸ் ஓரமாக ஒதுங்கினார். தடி பலகையைத் தொட்டது. தொக். அவள் கால் வைத்தாள். தொக் தொக். கடந்துவிட்டாள். நல்லதம்பி யாரையோ சர்க்கரை கம்மியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு டப்பாவும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்துக்கொண்டன. பெண் நின்றாள்.

"அமலதாஸ் சாரா? பக்கத்துல இருக்கீங்கன்னு சொல்லுது. நான் இன்பவல்லி சார், சங்கத்துல கடைசி வரிசையில உக்காருவேன். இன்னிக்குத்தான் சார் தனியாக் கெளம்பினேன். வேலைக்கு. அம்மா அழுதுக்கிட்டே அனுப்புனாங்க."

"அப்படியா" என்றார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் சார். நிமிந்து நடந்தேன். எங்கயும் முட்டல. ஒருத்தர்கூட வந்து கையைப் பிடிக்கல, ஐயோ பாவம்னு சொல்லல!"

உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஐந்து பேர் நின்றுகொண்டே டீ குடித்தார்கள்.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றார். "இந்தத் தெருவுல யாருக்கும் யார் மேலயும் அக்கறை கிடையாது. சரியான கல்நெஞ்சுக்காரனுங்க. நீ தைரியமா நட."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். வீடுகளைத் தாண்டிக் கீழ்முனையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, அதற்கப்பால் பஸ் போகும் ரோடு. அமலதாஸ் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தடி சத்தம் போடும் என்று அதையும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெறுங்காலில் தெரு அவருக்குப் புதிதாக இருந்தது. ஒரே கல்லும் மண்ணும். இதில் இவள் எப்படித்தான் இத்தனை வருஷம் நடந்தாளோ என்று நினைத்துக்கொண்டே, அவளுடைய தடி தட்டும் சத்தத்துக்குப் பதினைந்தடி பின்னால் நடந்தார்.

"உங்கள் தெருவின் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது" என்றது டப்பா. "பஞ்சவர்ணம் வண்டியை இன்னும் பின்னுக்கு இழுக்கிறார். பின்னால், பதினைந்து அடி தூரத்தில், ஜெசி..."

"ரெண்டு" என்றார் அமலதாஸ், மெதுவாக.

டப்பா வாயை மூடிக்கொண்டது. அவர் நடந்துகொண்டிருந்தார்.